காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறும் பெட்ரோல் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது குன்னூரில். டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் எங்கள் தெருவில் பாதி வண்டிகள் காலையில் முதல் ஸ்டார்ட்டில் திணறும். அக்கம்பக்கத்தவர்களும் சரி, கோயம்புத்தூரிலிருந்து மேலே வரும் உறவுக்காரர்களும் சரி, ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளைப் பற்றித்தான் (என்ஜினைக் கவனிக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அளவு சொல்ல, இன்ஜெக்டர் என்ற குழல் பெட்ரோலைத் தெளிக்கும் வகை), அதாவது ஆல்டோ, சான்ட்ரோ, ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி நம் ஊரில் அதிகம் ஓடுகிற சின்ன வண்டிகள். டீசலுக்கும் சிஎன்ஜிக்கும் கீழே ஒவ்வொரு கேள்வி இருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் வழக்கத்தைவிட வேகமாக இரைகிறது. இதுவே கோளாறா?

இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். சூடான என்ஜின் சுமார் 700 முதல் 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) நிற்கும். குளிர்ந்த என்ஜின் 1200, 1400 என்று ஏறி நின்று, சூடு ஏற ஏறத் தானாகவே இறங்கும். ஆயில் கெட்டியாக இருப்பதால் சுற்றுவதற்கே கூடுதல் பலம் வேண்டும், சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சீக்கிரம் சூடாக வேண்டும், அதனால்தான் கம்ப்யூட்டரே வேகத்தைக் கூட்டி வைக்கிறது. கோளாறு என்றால் இப்படி இருக்கும்: ஸ்டார்ட் ஆனதும் ஆர்பிஎம் முள் 500-க்குக் கீழே விழும், அல்லது மேலும் கீழும் ஆடும், ஸ்டீயரிங்கும் சீட்டும் உதறும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடும், ஐந்து நிமிடம் ஓடிய பிறகு எதுவுமே நடக்காதது போல அமைதியாகிவிடும். காலையில் வேகமாக ஓட வேண்டியது ஓடாமல் நேராக 800-ல் வந்து நின்று துடித்தால் அதுவும் கோளாறுதான். அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

சூடானதும் சரியாகிவிடுகிறதே, ஏன் குளிரில் மட்டும் இந்தப் பாடு?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். சூடான என்ஜினில் 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது சரியான கணக்கு. குளிர்ந்த என்ஜினில் தெளிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் இன்டேக் (காற்று உள்ளே போகும் பாதை) சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும், சிலிண்டருக்குள் போய்ச் சேருவது குறையும். அதை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே கூடுதலாகத் தெளிக்கிறது. கார்புரேட்டர் காலத்து அம்பாசிடரில், பத்மினியில் சோக்கை இழுத்துப் பிடித்தோமே, அதே வேலை.

எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஓடிக்கொண்டிருக்கும்போது சைலன்சர் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், கலவை சரியா தப்பா என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டர் திருத்திக்கொண்டே போகும். ஆனால் அந்த சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேசும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் அது ஊமை. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர், கூலன்ட் சென்சார் (என்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளப்பது) சொல்வதையும், உள்ளே வரும் காற்றின் அளவையும் நம்பி, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான் நடக்கிறது. ஆக, கொஞ்சம் காற்றுக் கசிவு, கொஞ்சம் தேய்ந்த ஸ்பார்க் பிளக், கொஞ்சம் அடைத்த இன்ஜெக்டர் என்று எது இருந்தாலும் சூட்டில் திருத்தம் அதை மறைத்துவிடும், குளிரில் எல்லாம் வெளியே வந்துவிடும். குளிர் புதிதாக எதையும் கெடுப்பது அபூர்வம். ஏற்கெனவே இருக்கும் குறையைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் வண்டி நன்றாக ஓடுகிறது. என்ன செய்வது?

வீட்டிலிருந்து அவர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனீர்கள் அல்லவா, அதற்குள் சூடாகிவிட்டது. முதல் நாள் மாலையே வண்டியை அங்கே விட்டுவிட்டு வாருங்கள். காலையில் அவரே முதல் ஸ்டார்ட் செய்யட்டும், அதற்கு முன் யாரும் சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். என்ஜின் முழுக்கக் குளிர எட்டு மணி நேரமாவது ஆகும், மதியம் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்ததெல்லாம் கணக்கில் வராது. விட முடியாதென்றால் போனில் வீடியோ எடுங்கள்: சாவி போடும் நொடியிலிருந்து மூன்று நிமிடம், டாஷ்போர்டு முள் தெரிய, சத்தம் கேட்க. நல்ல மெக்கானிக்குக் காதே போதும்.

சூடான வண்டியைப் பார்த்துவிட்டு "பிளக் போட்டுப் பார்ப்போம், காயில் மாத்திப் பார்ப்போம்" (காயில்தான் பிளக்குக்கு மின்சாரம் தருவது) என்று தொடங்கினால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம், மூவாயிரம் போகும். கோளாறு அப்படியே இருக்கும்.

காசு செலவில்லாமல் நானே எதை முதலில் பார்க்கலாம்?

முதலில் குறித்து வையுங்கள். முதல் நொடியிலிருந்தே உதறுகிறதா, நன்றாக ஸ்டார்ட் ஆகி அரை நிமிடம் கழித்தா? ஏசி போட்டால் மட்டுமா? மழை பெய்த மறுநாள் அதிகமா? டேங்க் நிரப்பிய பிறகு அதிகமா? ஒவ்வொரு பதிலும் ஒரு பக்கம் கை காட்டும்.

அப்புறம் பானெட்டைத் திறந்து கூலன்ட் அளவு, ஏர் ஃபில்டர், கழன்று தொங்கும் ரப்பர் குழாய், எலி கடித்த ஒயர் (எங்கள் ஊரில் குளிர்காலத்தில் எலி சூட்டுக்காக என்ஜின் மேலேயே படுக்கும், இது நிஜமாகவே அடிக்கடி நடக்கிறது) இவற்றைப் பாருங்கள். பேட்டரியையும் விடாதீர்கள். இரவு முழுக்க நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. அதிகம் விழுந்தால் ஸ்பார்க்கும் பலவீனமாகும், ஃப்யூயல் பம்ப்பும் தளர்ந்துவிடும்.

அதற்கு மேல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் கருவி) ஒன்று வாங்கிவிடுங்கள், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சொருகினால் போனிலேயே எல்லாம் தெரியும். என் கருத்தில் இந்தக் கோளாறுக்கு இதைவிட உருப்படியான செலவு கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலன்ட் சூடு, உள்ளே வரும் காற்றின் சூடு. இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஒன்றாக, வெளியே இருக்கும் சூட்டை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் பரவாயில்லை.

என் பழைய வண்டியில் நான் இப்படித்தான் பிடித்தேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான்கு பிளக், ஒரு காயில், ஃப்யூயல் ஃபில்டர் எல்லாம் மாற்றியும் காலையில் மூன்று முறை ஆஃப் ஆகாமல் வெளியே எடுக்க முடியாது. ஒரு ஜனவரி காலையில் காற்று 9 டிகிரி என்று காட்டுகிறது, கூலன்ட் 38 டிகிரி என்று காட்டுகிறது! என்ஜின் பாதி சூடாகிவிட்டது என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துத் தெளித்திருக்கிறது. 38 என்பது நடக்கக்கூடிய எண்தானே, அதனால் செக் என்ஜின் லைட்டும் எரியவில்லை. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே கூலன்ட் கசிந்து பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. சுத்தம் செய்து புது சென்சார் போட்டதோடு சரி. பிளக், காயில் என்று போன பணத்தில் அந்த சென்சாரை ஐந்தாறு வாங்கியிருக்கலாம்.

கூலன்ட் சென்சாரை மீட்டர் வைத்துப் பார்க்க முடியுமா?

முடியும். சூடு ஏற ஏற ஓம் குறையும் வகை அது. பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். துல்லியமான அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் கிடைக்கும். கூலன்ட் அளவு குறைந்து சென்சார் நீரில் மூழ்காமல் காற்றில் நின்றாலும் தப்பான சூடு காட்டும், அதனால் அளவைப் பார்க்காமல் சென்சாரைக் குறை சொல்ல வேண்டாம்.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வால்வு வேண்டாம்" என்று கழற்றிவிட்டார்கள். அதனால் வருமா?

வரும், இதைக் கேட்டால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஓவர்ஹீட் ஆனதற்கு உண்மையான காரணத்தைத் தேடாமல் வால்வைக் கழற்றி எறிவது இங்கே பல வருடப் பழக்கம். அந்த வால்வு சுமார் 82 டிகிரி வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட்டை விடாமல் அடைத்து வைத்து என்ஜினைச் சீக்கிரம் சூடாக்குகிறது. அது இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே ரேடியேட்டர் குளிர்விக்கும், கீழே சமவெளியில் அரை மணி நேரம் ஆனாலும் மலையில் ஒரு மணி நேரம் ஆனாலும் என்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. கம்ப்யூட்டர் இன்னும் குளிர்காலம்தான் என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், பிளக் கரி பிடிக்கும், மறுநாள் காலையில் அந்தக் கரி பிடித்த பிளக்கோடு ஸ்டார்ட் செய்தால் உதறாமல் என்ன செய்யும்? ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தால் இதைத்தான் சொல்கிறது. வால்வு விலை குறைவு, திரும்பப் போட்டுவிடுங்கள்.

த்ராட்டில் பாடி சுத்தம் செய்தால் சரியாகும் என்கிறார்களே?

பல வண்டிகளில் ஆகும். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, காற்று போவது த்ராட்டில் (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) தகட்டின் ஓரத்தில் இருக்கும் மயிரிழை இடைவெளி வழியாகத்தான். அங்கே கரியும் ஆயில் பிசுக்கும் சேர்ந்தால் குளிரில் தேவைப்படும் கூடுதல் காற்று கிடைக்காது. பழைய வண்டிகளில் ஐட்லிங்குக்கென்று தனியாக ஒரு சின்ன வால்வு இருக்கும், அதுவும் கரியில் சிக்கிக்கொள்ளும். சாதாரணமாக 30,000, 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

அதற்கென்று விற்கும் த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். எலெக்ட்ரானிக் த்ராட்டில் இருந்தால் தகட்டை விரலால் பலமாகத் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் கெட்டுவிடும். சுத்தம் செய்த அன்று ஐட்லிங் முன்பைவிட அதிகமாகவோ ஏறி இறங்கியோ இருந்தால் பயப்பட வேண்டாம். கரி பிடித்த தகட்டுக்குத் தகுந்தாற்போலக் கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்ததைத் திரும்பக் கற்க வேண்டும். சில வண்டிகளில் ஓட்டினாலே கற்றுக்கொள்ளும், சிலவற்றில் ஸ்கேனர் வைத்து ரீசெட் செய்ய வேண்டும்.

வேக்குவம் லீக் என்பது என்ன, எப்படிக் கண்டுபிடிப்பது?

த்ராட்டிலுக்கு அப்புறம் இருக்கும் எந்தக் குழாயிலோ கேஸ்கட்டிலோ (இணைப்பை அடைக்கும் தகடு) விரிசல் விழுந்து, கணக்கில் வராத காற்று உள்ளே போவதுதான். குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்கும், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் இடைவெளி விடும். சூடானதும் விரிந்து தானாக அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மதியம் தேடினால் கிடைக்காது.

காற்றை நேராக அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் இந்தக் கசிவு கலவையை நீர்க்கச் செய்து உதற வைக்கும், பி0171 கோடு வரலாம். நம் சின்ன வண்டிகள் பலவற்றில் இருப்பது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். அவற்றில் கசிவு இருந்தால் உதறலைவிட ஐட்லிங் உயர்ந்து நிற்பதையும் ஏறி இறங்குவதையும்தான் அதிகம் பார்க்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் தேடினால் நாள் வீணாகும்.

பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய், பிசிவி வால்வுக் குழாய் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்புவது), இன்ஜெக்டர் அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், இவைதான் முதல் சந்தேகம். கார்ப் கிளீனரை அடித்துப் பார்க்கும் முறை தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளது. நான் தண்ணீர் ஸ்ப்ரே பாட்டிலைத்தான் பயன்படுத்துகிறேன், காயில், ஒயர் பக்கம் படாமல். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நிமிடத்துக்குள் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சமாகத் தெளியுங்கள், எங்கே தெளிக்கும்போது ஐட்லிங் மாறுகிறதோ அங்கே கசிவு. ஒர்க்‌ஷாப்பில் புகை விட்டுப் பார்க்கும் கருவி இருந்தால் அதுதான் சிறந்தது.

டேங்க் நிரப்பிய பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆகத் திணறினால், பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பனி, மழை நாட்களில் மட்டும் உதறுகிறது.

அப்படியென்றால் ஸ்பார்க் பக்கம். பழைய பிளக் ஒயரிலோ காயிலின் ரப்பர் உறையிலோ விரிசல் இருந்தால் ஈரத்தில் மின்சாரம் வழியிலேயே இறங்கிவிடும், வெயில் வந்து காய்ந்ததும் சரியாகிவிடும். இரவில் இருட்டில் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள், சில நேரம் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் உள்ளே விட வேண்டாம். பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர், தேய்ந்து அகன்றால் குளிர்ந்த ஈரக் கலவையைப் பற்றவைக்கக் காயில் திணறும்.

செக் என்ஜின் லைட் நிலையாக எரிந்தால் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போகிறது என்று அர்த்தம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகிப் போகலாம், ஓட்டாதீர்கள்.

செல்ஃப் நெடுநேரம் அடித்த பிறகுதான் பிடிக்கிறது, பிடித்ததும் கொஞ்ச நேரம் உதறுகிறது.

இரவில் ஃப்யூயல் லைனில் அழுத்தம் இறங்கிவிடுகிறது போலும். சோதனை சுலபம்: சாவியை ஆன் செய்து, பம்ப் இரையும் சத்தம் இரண்டு நொடியில் நின்றதும் ஆஃப் செய்யுங்கள். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் பம்ப்பில் இருக்கும் திரும்பவிடா வால்வு கசிகிறது, அல்லது இன்ஜெக்டர் சொட்டுகிறது. ஸ்டார்ட் ஆனதும் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் இன்ஜெக்டர்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா?

எல்லாப் பழியையும் அதன்மேல் போட முடியாது, ஆனால் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20, இப்போது நாடு முழுக்க வந்துவிட்டது, 20 சதவீதம் எத்தனால். பெட்ரோலில் 40 டிகிரிக்கும் கீழே ஆவியாகத் தொடங்கும் லேசான பகுதிகள் உண்டு. எத்தனாலோ 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பமும் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். குளிர்ந்த என்ஜினுக்கு இது கூடுதல் சுமைதான். நல்ல நிலையில் இருக்கும் வண்டி இதைச் சமாளித்துவிடும், ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வண்டி திணறும்.

எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் மழையில் நின்ற வண்டி, அதிலும் கால் டேங்க்கோடு நின்றது என்றால், பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றிப் பார்ப்பது நல்லது. 2023-க்கு முந்தைய வண்டியாக இருந்தால் ரப்பர் குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் அடிக்கடி பாருங்கள்.

கீழே நன்றாக ஓடிய வண்டி ஊட்டிக்கு வந்து ஒரு இரவு நின்றதும் மறுநாள் காலையில் உதறுகிறது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறையக் கால் பங்கு குறைந்திருக்கும், உறைபனி நாளில் சூடும் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி இதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். ஒரே ஒரு காலை லேசாக உதறி, சமவெளிக்கு இறங்கியதும் மறைந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பிளக்கும் பேட்டரியும் பார்த்துக்கொண்டால் போதும்.

சிஎன்ஜி வண்டி, காலையில் மட்டும் பிரச்சினை.

பல சிஎன்ஜி வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிச் சூடானதும் சிஎன்ஜிக்கு மாறும். நாள் முழுக்க சிஎன்ஜியிலேயே ஓட்டி, டேங்க்கில் அதே ஐந்து லிட்டர் பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருந்தால் அது கெட்டுப்போகும், இன்ஜெக்டரில் பிசின் படியும். வாரத்தில் ஒரு நாளாவது இருபது, முப்பது கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுங்கள். கேஸில் ஓடும் வண்டிகளில் வால்வு இடைவெளி குறைவதும் உண்டு, அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

டீசலில்?

அங்கே முதலில் குளோ பிளக், அதாவது ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக். ஒன்றிரண்டு செத்திருந்தாலும் சென்னையில் தெரியாது, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் உடனே தெரியும்: வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் இல்லாதது போன்ற உதறல், ஒரு நிமிடத்தில் சரி. டாஷ்போர்டில் சுருள் போன்ற விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் அடியுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை வருகிறது, கூலன்ட்டும் குறைகிறது.

குளிர்காலத்தில் சைலன்சரில் வெறும் நீராவி வருவது சகஜம், இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். ஆனால் புகையில் ஒரு இனிப்பு வாடை, வாராவாரம் கூலன்ட் ஊற்ற வேண்டிய நிலை, முதல் நிமிடத்தில் ஒரே ஒரு சிலிண்டர் மிஸ் ஆவது, இந்த மூன்றும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட் வழியாக இரவில் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் அதிகம் தேங்கிய நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், அப்புறம் என்ஜினையே இறக்க வேண்டியதுதான்.

ஓட்டுவதற்கு முன் பத்து நிமிடம் நின்றபடியே சூடாக்கலாமா?

வேண்டாம். அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம், அப்புறம் மெதுவாக ஓட்டினால் சீக்கிரமும் சீராகவும் சூடாகும். நின்றபடியே ஓடினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலில் கலக்கும். முதல் நிமிடம் ஏசி போடாதீர்கள். பனிக்குப் பயந்து ஷட்டரை மூடிக்கொண்டு செட்டுக்குள் வண்டியை ஓடவிடுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாது. குழந்தைகளை முன்கூட்டியே வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டு இப்படிச் சூடாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் வெளியே எடுங்கள், பிறகு ஏறட்டும்.

எல்லாம் பார்த்துவிட்டேன், முள் ஆடாமல் நிற்கிறது, ஆனாலும் சீட் அதிர்கிறது.

அப்படியானால் என்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது, அதைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் போயிருக்கும். குளிரில் விறைத்த ரப்பர் அதிர்வை அப்படியே பாடிக்குக் கடத்தும். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி ஒருவரை லேசாகக் கிளட்ச் விடச் சொல்லி நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள் (வண்டிக்கு முன்னால் நிற்கக் கூடாது). என்ஜின் இரண்டு விரல்கடைக்கு மேல் எழும்பி உட்கார்ந்தால் மவுன்ட்டை மாற்றிவிடுங்கள்.